ஆர்வம் முதலில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. 9ஆம் வகுப்பில் 42 பேர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட் என்னுடையது. ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் பார்க்கிறார்கள். நிறுத்திவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால் முகம் வாடிவிடுகிறது. பதில் சொன்னால் சாக்லேட், பேனா என்று கொடுத்துப் பார்த்தேன். கொஞ்ச நாள் ஓடியது, அப்புறம் "இன்னிக்கு என்ன டீச்சர் தருவீங்க?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து "இதைப் படிச்சு என்னா டீச்சர் ஆவப்போவுது?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை, எனக்குத்தான் பதில் சொல்ல வரவில்லை. ரீல்ஸ் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு நானும் அதே மாதிரி மாறித்தான் பாடம் எடுக்க வேண்டுமா? போர்ஷன் வேறு முடிக்க வேண்டும்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் ரீல்ஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். நீங்கள் மாற வேண்டாம். அந்த ஒரு நிமிட வீடியோவை எடுக்கிறவருக்கு அது மட்டும்தான் வேலை, பார்க்கிறவன் எந்த இடத்தில் விரலால் தள்ளிவிடுகிறான் என்று கணக்குப் போட்டு அடுத்ததைக் காட்டுவதற்கு ஒரு கம்பெனியே பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கரும்பலகையும் 42 பிள்ளைகளுமாக நிற்கிற நீங்கள் அதோடு போட்டிக்குப் போனால் தோற்பீர்கள், தோற்றதை உங்கள் குறை என்று வேறு நினைத்துக்கொள்வீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கவனம் 8 நொடிதான், தங்கமீனைவிடக் குறைவு என்று சில பயிற்சி வகுப்புகளில்கூடச் சொல்கிறார்கள். அதற்கு உருப்படியான ஆய்வு ஆதாரம் எதுவும் கிடையாது. உங்கள் வகுப்புப் பையன்களே ஒரு டி20 மேட்சை முதல் ஓவரிலிருந்து கடைசி ஓவர்வரை நகராமல் பார்ப்பார்கள், அடுத்த நாள் ஓவர் ஓவராகச் சொல்லவும் சொல்வார்கள். கவனம் இருக்கிறது. அதை உங்கள் பாடத்தில் வைப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நாம் எல்லோரும் ஒரு வரிசையை மனதில் வைத்திருக்கிறோம்: முதலில் ஆர்வத்தை ஊட்ட வேண்டும், ஆர்வம் வந்தால் படிப்பான், படித்தால் புரியும். நான் அறிவியல் பாடம் எடுத்த காலத்திலும் சரி, இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதும் சரி, பார்த்தவரை இது பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. ஒரு விஷயம் தனக்குக் கைவருகிறது என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைக்கு அதன்மேல் பிடிப்பு வருகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1,400க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிக் குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் பாடத்தில் இதைத்தான் கண்டது: கணக்கு நன்றாக வந்த குழந்தைகளுக்குப் பிறகு அதில் விருப்பம் கூடியது, ஆனால் முதலில் விருப்பம் இருந்ததால் பிறகு கணக்கு நன்றாக வந்தது என்று சொல்ல முடியவில்லை. சின்னக் குழந்தைகளிடம், ஒரே பாடத்தில் பார்த்தது, எல்லா வயதுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் வகுப்பில் எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு அது வழி காட்டுகிறது.

அதனால் வீடியோ, விளையாட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் 42 பேரில் எத்தனை பேரால் அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் படிக்க முடியும்? வகுப்பில் எழுப்பிப் படிக்கவிட்டுப் பார்க்காதீர்கள், அது அவமானம். இடைவேளையிலோ நோட்டு திருத்தும்போதோ ஒவ்வொருவராகப் பக்கத்தில் கூப்பிட்டு நான்கு வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். இந்தியாவின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களிடம் எடுத்த 2023 ஆண்டின் அசர் கணக்கெடுப்பில் (பிள்ளைகளின் அடிப்படைப் படிப்புத் திறனைப் பார்க்க பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்துவது) ஏறக்குறைய 25 சதவீதம் பேரால் தங்கள் மாநில மொழியில் 2ஆம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடியவில்லை. உங்கள் வகுப்பு இந்தச் சராசரியைவிட மேலே இருக்கலாம், கீழே இருக்கலாம், ஆனால் 'ஆர்வமில்லாதவர்கள்' என்று நீங்கள் மனதில் குறித்து வைத்திருக்கும் பெயர்களில் சிலர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 'மிதப்பு விசை', 'அடர்த்தி' என்று ஒரு வரியில் இரண்டு புது வார்த்தை வந்ததும் அந்தப் பிள்ளைக்குப் பத்தி முழுவதும் மூடிக்கொள்கிறது. தனக்குப் படிக்க வரவில்லை என்று 14 வயதில் யாரும் சொல்ல மாட்டார்கள். போரடிக்குது என்றுதான் சொல்வார்கள், இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுவார்கள்.

இவர்களுக்கு நீங்கள் தனியாகத் தமிழ் வகுப்பு எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் செய்ய முடிந்தவை இருக்கின்றன. பாடத்தைத் தொடங்கும் முன்னால் அதில் வரப்போகும் ஐந்தாறு கலைச்சொற்களைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி வகுப்பு மொத்தமும் சேர்ந்து உரக்கச் சொல்ல வையுங்கள். முக்கியமான பத்தியை நீங்கள் நிதானமாகப் படியுங்கள், அவர்கள் விரல் வைத்துத் தொடர்ந்து வரட்டும். படம் வரைந்து பாகம் குறித்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியில், அடிப்படைப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான அரசின் திறன் திட்ட வகுப்பு நடக்கிறதென்றால் அதை எடுக்கும் ஆசிரியரிடம் இந்தப் பெயர்களைக் கொடுத்து, இவர்கள் தடுமாறும் அறிவியல் சொற்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தைத் தானே படித்து முடித்த நாளில் அந்தப் பிள்ளை உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

அடுத்தது வீடியோ. வீடியோவில் தப்பில்லை, பார்க்கிற விதத்தில்தான் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியரும் அவருடன் வேலை செய்தவர்களும் வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகளால் மாணவர்களுக்கு உண்மையில் என்ன பயன் என்று பார்த்து 2004இல் எழுதினார்கள். சோதனையை வெறுமனே வேடிக்கை பார்த்தவர்களுக்கும், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் செய்துகாட்டுவதற்கு முன்னால் "என்ன நடக்கும்?" என்று கேட்டு ஊகிக்க வைத்தபோது புரிதல் கூடியது. அதற்குக் கூடுதலாகப் பிடித்த நேரம் இரண்டு நிமிடம்தான். ஹார்வர்டு மாணவர்களுக்கே வேடிக்கை பார்ப்பது போதவில்லை என்றால், சோறு சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளைகளை வீடியோ மட்டும் காப்பாற்றாது.

பாய்மங்கள் பாடம் எடுக்கும்போது இதைச் செய்து பாருங்கள். ஒரு கமலா ஆரஞ்சும், உள்ளே தெரிகிற மாதிரி வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா நிறையத் தண்ணீரும் போதும். முழுப் பழத்தைப் போடுங்கள், மிதக்கும். வெளியே எடுத்து உயர்த்திக் காட்டி, "இதோட தோலை உரிச்சிட்டுப் போட்டா மிதக்குமா, மூழ்குமா?" என்று கேளுங்கள். உடனே போட்டுவிடாதீர்கள். ரஃப் நோட்டில் எல்லோரும் ஒரு வார்த்தை எழுதட்டும், 'மி' அல்லது 'மூ', அதற்குக் கீழே ஒரே வரியில் காரணம். எழுத வராதவன் பக்கத்திலிருப்பவன் காதில் சொல்லட்டும். அப்புறம் கை தூக்கச் சொல்லி எண்ணிக் கரும்பலகையில் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் மிதக்கும் பக்கம் போவார்கள், ஏனென்றால் தோலை எடுத்தால் எடை குறைகிறது, எடை குறைந்தால் மிதக்க வேண்டும். நியாயமான யோசனைதான், தப்பு என்று நீங்கள் முகத்தில்கூடக் காட்டாதீர்கள். இரண்டு கட்சியிலிருந்தும் ஒருவரை எழுப்பி எதிர்க்கட்சிக்காரரைத் தன் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். சத்தம் வரும், வரட்டும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தோலை உரித்துப் பழத்தைப் போடச் சொல்லுங்கள். பழம் அடியில் போய் உட்காரும். அந்த நொடியில் 42 பேருக்கும் ஒரே கேள்வி இருக்கும், அதை நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. தோலுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் காற்று அறைகள், காற்றோடு சேர்ந்தபோது பழத்தின் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைந்திருந்தது, தோல் போனதும் கூடிவிட்டது என்கிற விளக்கத்தை அப்போது சொல்லுங்கள். அடர்த்தி என்ற வார்த்தை அவர்களுக்குத் தேவைப்படுகிற நேரத்தில் கைக்கு வருகிறது. ஒரு எச்சரிக்கை: சில பழம் ஏமாற்றும், வெள்ளை நாரைச் சுத்தமாக எடுக்காவிட்டாலும் காற்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் முதல் நாள் ராத்திரியே வீட்டில் அதே பையிலிருந்து ஒரு பழத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஸ்மார்ட் போர்டையும் இதே மாதிரி பயன்படுத்தலாம். வீடியோவை முக்கியமான இடத்துக்கு முந்தின நொடியில் நிறுத்துங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு அடுத்து என்ன என்று எழுத வையுங்கள், பிறகு ஓட விடுங்கள். பத்து நிமிட வீடியோ தேவையில்லை, ஒரு நிமிடத் துண்டு போதும்.

அப்புறம், கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஏராளமான அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்ததில், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதிலே வராமல் போவது குறைந்தது, மெதுவான பிள்ளைகள் என்று ஆசிரியர்கள் நினைத்திருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். மூன்று நொடி கேட்கச் சின்னதாக இருக்கிறது, வகுப்பில் நிற்கும்போது அது ரொம்ப நீளம். மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற 41 பேருக்கும் அங்கேயே விடுமுறை. கேள்வியைக் கேட்டு, காத்திருந்து, அதற்குப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். "தெரியல டீச்சர்" என்றால் அவனை அப்படியே உட்கார வைத்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு, "இப்ப இவங்க சொன்னதுல எது சரின்னு தோணுது?" என்று அவனிடமே திரும்பி வாருங்கள். முதல் நாலைந்து முறை வெறுப்பாகப் பார்ப்பான். தன்னை டீச்சர் விட்டுவிடப்போவதில்லை என்று தெரிந்ததும் காது கொடுக்க ஆரம்பிப்பான்.

சாக்லேட்டை நிறுத்திவிடுங்கள். அது ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் மழலைப் பள்ளியில் செய்த சோதனை நல்ல விளக்கம். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் படம் வரைவதில் செலவழித்த நேரம் மற்றவர்களுடையதில் பாதிதான். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. பரிசே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை, யாருக்கும் பிடிக்காத வேலையை முடிக்க வைக்கச் சின்னதாக ஏதாவது கொடுப்பதில் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் யோசித்துப் பதில் சொல்வதற்கு விலை வைத்துவிட்டால் பிள்ளையின் கண் விலைக்குப் போய்விடும். பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள், "இனிமே சாக்லேட் கிடையாது, கோவிச்சுக்காதீங்க" என்று. அதற்குப் பதிலாக, ஒரு பிள்ளை என்ன செய்தது என்பதைக் குறிப்பாகச் சொல்லிப் பாராட்டுங்கள். வெரிகுட் என்பதை ஒரு நாளில் இருபது பேருக்குச் சொல்கிறோம், யாருக்கும் ஒட்டாது. "தோலுக்குள்ள காத்து இருக்கும்னு நீ மட்டும்தான் எழுதியிருந்த" என்று சொன்னால் அது அந்தப் பிள்ளையோடு வீடுவரை போகும்.

இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தப் பையனை எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்காமலே உள்ளுக்குள் முடிவெடுத்துவிட்டவர்கள்தான் நாம் கவலைப்பட வேண்டியவர்கள். அவனிடம் டாக்டர், இன்ஜினியர் என்று பட்டியல் போடாதீர்கள், அது வேறு யாருக்கோ சொல்வது என்று அவன் ஏற்கெனவே நினைத்திருப்பான். வகுப்பு முன்னால், "நீ கேட்டது நல்ல கேள்வி, நானும் யோசிச்சேன், சேர்ந்து பதில் தேடுவோம்" என்று சொல்லுங்கள். பாஸ்கல் விதி (மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது) வரும்போது டிப்பர் லாரி எப்படித் தன் முதுகைத் தூக்கி ஜல்லியைக் கொட்டுகிறது, ஜேசிபியின் கை எந்த பலத்தில் மடங்குகிறது, வாட்டர் சர்வீஸ் கடையில் காரை மேலே ஏற்றுவது எது என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள், நீங்களே விளக்கி முடித்துவிடாதீர்கள். ஹல்லமேன், ஹராக்கிவிச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பெரும்பாலும் 9ஆம் வகுப்பு அறிவியல் மாணவர்களிடம் செய்த ஆய்வு 2009இல் வந்தது. ஒரு பிரிவினர் சில வாரங்களுக்கு ஒருமுறை, படித்த பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று எழுதினார்கள், இன்னொரு பிரிவினர் பாடச் சுருக்கம் மட்டும் எழுதினார்கள். நமக்கு இது வராது என்று நினைத்திருந்த மாணவர்களுக்கு, வாழ்க்கையோடு சேர்த்து எழுதியதில் ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. இதில் கவனிக்க வேண்டியது, பயனை ஆசிரியர் சொல்லவில்லை, மாணவர்களே கண்டுபிடித்து எழுதினார்கள். மாதம் ஒரு தடவை அரைப் பக்கம் எழுத வையுங்கள், பேச்சுத் தமிழில் எழுதினாலும் சரி, எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை போடாதீர்கள். அப்பா மோட்டார் ஓட்டுகிறவர், மாமா லாரி பட்டறை வைத்திருக்கிறார், அம்மா கரும்பு வெட்டப் போகிறவர் என்று வருகிற பிள்ளைகள் எழுதுவதில் நமக்கே தெரியாத விஷயம் இருக்கும்.

போர்ஷன் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். எமிஸ் பதிவு (மாணவர் விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றுவது), கூட்டம், மிட்டேர்ம் எல்லாம் போக மிஞ்சுகிற பீரியட் எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும். அதனால் ஆரஞ்சுப் பழ வகுப்பை வாரத்துக்கு ஒன்று வைத்தால் போதும். மற்ற நாட்களில் ஒரே ஒரு மாற்றம்: முதல் ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான்கு கேள்வி, நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று. மார்க் கிடையாது, அவரவர் நோட்டை அவரவரே திருத்திக்கொள்ளட்டும். ஹெச்.எம். கேட்டால் காட்டுவதற்கு 2006இல் ரோடிகர், கார்பிக்கி இருவரும் செய்த ஆய்வைச் சொல்லுங்கள்: ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். தேர்வு நெருங்கும்போது ரிவிஷனுக்குச் செலவாகும் நாட்களில் கொஞ்சம் இதில் மிச்சமாகும். அதோடு, நான்கில் இரண்டு சரியாகப் போட்ட பிள்ளை அடுத்த வாரம் மூன்று போடுவதைத் தானே பார்க்கிறது. நான் மேலே சொன்ன கைவருதல் அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது இப்படித்தான்.

மதியப் பீரியடில் நோட்ஸ் சொல்லி எழுத வைக்காதீர்கள், அதை வேறு நேரத்துக்குத் தள்ளுங்கள். கை வேலை, எழுந்து நிற்பது, பக்கத்தவரோடு பேசுவது எல்லாம் அந்த நேரத்துக்கு. வாரத்தில் இரண்டு நாளாவது காலை பீரியட் ஒன்றை மாற்றித்தர யாராவது ஒத்துக்கொள்வார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் பிள்ளைகள் முரண்டு பிடிப்பார்கள். "நீங்களே ஆன்சர் சொல்லிடுங்க டீச்சர், எழுதிக்கிறோம்" என்பார்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதை அதிகம் சொல்வார்கள், ஏனென்றால் புக் பேக் கேள்வியை மனப்பாடம் செய்து மார்க் வாங்கும் வழி அவர்களுக்குப் பழகியிருக்கிறது. விட்டுக்கொடுக்காதீர்கள். அதே சமயம் எல்லாப் பிள்ளைகளும் இதில் திரும்பிவிடுவார்கள் என்றும் நினைக்காதீர்கள். அடிக்கடி திங்கட்கிழமை வராமல் இருப்பவர், வகுப்பில் தூங்கியே விழுகிறவர், திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட பெண் பிள்ளை, இவர்களுக்குப் பாடம் எடுக்கும் விதத்தை மாற்றினால் மட்டும் போதாது. வேலைக்குப் போகிறார்களா, வீட்டில் என்ன நிலைமை, கல்யாணப் பேச்சு ஏதும் ஓடுகிறதா என்று வகுப்பாசிரியரோடு சேர்ந்து விசாரியுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்பிக்கையான ஒரு அம்மாவிடம் காதில் போட்டு வையுங்கள். மாணவர்களே பேசுவதற்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417ம், ஆபத்து என்று தோன்றினால் சைல்டு லைன் 1098ம் இருக்கின்றன. இரண்டையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.